பதிவேட்டில் விடுபட்ட பெயர்கள்: சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர்களே, மூப்பர்களே, நிர்வாகக் குழுவினரே,

பெருந்தொற்றுக்குப் பிறகு பெண்கள் ஆராதனைக்கு வருவது குறைந்துவிட்டது, அவர்களுடைய விசுவாசம் தணிந்துவிட்டது என்கிறீர்கள். முதலாவது பல சபைகளில் உண்மைதான். இரண்டாவதை வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

2020 மார்ச்சில் ஆலயக் கதவுகள் அடைபட்டன. ஏப்ரல் 12, ஈஸ்டரன்று, எத்தனையோ வீடுகளில் வேதம் வாசித்து ஜெபம் நடத்தியது தாய்மார்தான். சமையலறையில் செல்போனைச் சாய்த்து வைத்து, ஒரு காதில் பிரசங்கமும் மறுகாதில் பிள்ளையின் அழுகையுமாக ஆராதித்தார்கள். பலரால் உறவினரின் அடக்க ஆராதனைக்குக்கூடப் போக முடியவில்லை. அந்தத் துக்கம் பலருக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் ஜெபம் நடத்தக் கற்றுக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர்கள் திரும்பி வந்தால், துப்புரவுப் பட்டியலில் மட்டும்தானே பெயர் சேர்க்கிறீர்கள்?

முதலில், 2019-இன் பெண்கள் ஐக்கியப் பட்டியலை இன்றைய வருகையோடு ஒப்பிட்டு, விடுபட்ட பெயர்களை எழுதுங்கள். விசாரிக்கப் போகும் ஒருவருக்கு ஐந்து பெயருக்கு மேல் கொடுக்காதீர்கள். பத்தானால் அது கணக்கெடுப்பாகிவிடும். "ஏன் வரவில்லை?" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறியும். "யாருக்காக ஜெபிக்கணும்?" என்று கேளுங்கள், பிறகு பேசாமல் காத்திருங்கள். வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்குத் திருவிருந்தைக் கொண்டுபோங்கள்.

நேரலையைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் தனியே விட்டுவர முடியாதவருக்கு வேறு வழி கிடையாது. படம் மங்கலானாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஒலி கெட்டால் அணைத்துவிடுவார்கள். கடைசி வரிசையில் போனை வைத்தால் எதிரொலிதான் பதிவாகும். மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் மிக்சரிலிருந்து, அதைப் போனுக்கோ கணினிக்கோ கொடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு கருவி வழியாக ஒலியை நேரடியாக எடுங்கள். ஜூம் ஜெபக்கூட்டம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், பெரும்பாலும் கடைசி ஜெபத்தின் நடுவில். ஆகவே விண்ணப்பங்களை முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். எல்லோரையும் மியூட் செய்துவிட்டு ஒருவரே பேசுவது எப்படி ஜெபக்கூட்டமாகும்?

பொறுப்பும் கொடுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியில் வாசகர் (ஆராதனையில் வேதம் வாசிப்பவர்), பீடத்துணைவர் (பலிபீடத்தில் குருவுக்கு உதவுபவர்) பணிகளைப் பெண்களுக்கும் சட்டப்படி திறந்துவிட்டார். உங்கள் சபையில் வேத வாசிப்புக்கும் ஜெபம் நடத்துவதற்கும் இந்த மாதமே பெண்கள் பெயரை முறைப்பட்டியலில் எழுதலாமே.

இதை அடுத்த குழுக் கூட்டத்தில் எடுங்கள். பெண்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வையுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆண்களில் இருவரை நியமியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
பெண்கள் ஐக்கிய ஊழியர்கள்