இன்ஜின் நின்றாலும் ஹெலிகாப்டர் கல்லாக விழுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹெலிகாப்டர் விபத்துகளைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும், இன்ஜின் நின்றால் அது கல்லைப் போல விழுந்துவிடும் என்று சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. விமானத்துக்காவது இறக்கை உண்டு, ஹெலிகாப்டருக்கு அதுவும் இல்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம். இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை மறுத்து எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஹெலிகாப்டருக்கும் இறக்கை உண்டு. மேலே சுழலும் விசிறியின் ஒவ்வோர் இதழும் நீண்டு ஒடுங்கிய ஓர் இறக்கைதான். விமானம் முன்னோக்கி ஓடிப் பெறும் காற்றோட்டத்தை, ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே இறக்கைகளைச் சுழற்றிப் பெறுகிறது. அவை காற்றைக் கீழே தள்ள, அதன் எதிர்விசை ஹெலிகாப்டரைத் தூக்குகிறது. சுழற்சி இருக்கும்வரை தூக்குவிசை கிடைக்கும். அந்தச் சுழற்சியை இன்ஜின்தான் தர வேண்டும் என்பதில்லை.

இன்ஜின் நின்றதும், மிதிவண்டியின் ஃப்ரீவீல் போன்ற ஓர் அமைப்பு விசிறியை அதிலிருந்து விடுவித்துவிடும். அந்த ஓரிரு நொடிகளில் விமானி தன் இடப்புற நெம்புகோலைத் தாழ்த்தி, இறக்கைகளின் சாய்கோணத்தைக் குறைக்க வேண்டும். இப்போது ஹெலிகாப்டர் இறங்க இறங்க, காற்று கீழிருந்து மேலாக விசிறியின் ஊடே பாய்கிறது. இறக்கையின் நடுப்பகுதியில் எழும் விசையை அந்தக் காற்று சற்று முன்னோக்கிச் சாய்ப்பதால், அதுவே சுழற்சியை இழுத்துச் செல்கிறது; நுனிப்பகுதி அதற்குத் தடையாகிறது. இரண்டும் சமன்படும் வேகத்தில் விசிறி தொடர்ந்து சுழல்கிறது. வால் விசிறியும் முதன்மை விசிறியோடு பல்சக்கரங்களால் இணைந்திருப்பதால், திசைக் கட்டுப்பாடும் விமானியின் கையில் இருக்கிறது. தரையை நெருங்கியதும் மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைத்து, விசிறியில் சேர்ந்திருக்கும் ஆற்றலை நெம்புகோலை உயர்த்திச் செலவிட்டு மெதுவாகத் தரை தொடலாம். அந்த ஆற்றல் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் போதும் என்பதால், விமானிகளுக்கு இதில் தனிப் பயிற்சி தரப்படுகிறது.

இதற்கு மறக்க முடியாத சான்று 1972 ஜூன் 21 அன்று பிரான்ஸில் கிடைத்தது. ழான் பூலே என்ற விமானி லாமா வகை ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரத்தை எட்டிச் சாதனை படைத்தார். அந்த உயரத்தில் அவர் இன்ஜினின் திறனைக் குறைத்தபோது அது அணைந்துபோனது. மீண்டும் இயக்க முடியவில்லை. காற்றே சுழற்றிய விசிறியை மட்டும் நம்பி அவர் பத்திரமாகத் தரையிறங்கினார். அந்த லாமா, இந்தியப் படைகளின் தேவைக்காக உருவாக்கத் தொடங்கப்பட்ட ஹெலிகாப்டர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. நம் நாட்டின் விமானத் தயாரிப்பு நிறுவனமான ஹெச்.ஏ.எல். அதையே சீட்டா என்ற பெயரில் தயாரித்தது. சியாச்சின் பனிமலையில் நம் வீரர்களுக்கு உதவியதும் அதுதான்.

எல்லா நேரத்திலும் இது காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. இறக்கை முறிந்தாலோ பல்சக்கரப் பெட்டி இறுகி நின்றாலோ விசிறி சுழலாது. முப்பது, நாற்பது மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நிற்கும்போது ஒற்றை இன்ஜின் நின்றால், வேகத்தைத் திரட்டும் அளவுக்கு உயரம் இருக்காது. பல நூறு மீட்டர் உயரத்தில் நல்ல வேகத்துடன் பறக்கும்போது நின்றால், இறங்க இடம் தேடும் வாய்ப்பே இருக்கும். உயரம் அதிகமாக இருப்பதுதான் ஆபத்து என்று பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது இது.

2021 டிசம்பரில் குன்னூர் அருகே நிகழ்ந்த துயர விபத்திலும், இயந்திரக் கோளாறு காரணமல்ல, எதிர்பாராமல் மேகத்துக்குள் நுழைந்ததே காரணம் என்று விசாரணைக் குழு கூறியது. ஆகவே, இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது இன்ஜின் நின்றதா என்பதோடு நிறுத்திவிடாமல், எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எத்தகைய வானிலையில் ஹெலிகாப்டர் பறந்தது என்பதையும் கேட்டறிந்து எழுதுமாறு தங்கள் செய்தியாளர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கோயம்புத்தூர்.