குழுவை கலைக்காதடா

மாப்ள,

இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி பரவால்ல. தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன் பாட்டுக் குழுவை கலைச்சிடலாம்னு இருக்கேன், ஆளுக்கொரு பக்கம் போறானுங்கன்னு நீ போன்ல சொன்னதுலேர்ந்து எனக்கு அமெரிக்காவுல ஜாஸ் பேண்டு நடத்துன டியூக் எலிங்டன் நெனப்பாவே இருக்குடா. ஆரம்பிச்சிட்டான்னு முனகாத, முழுசா படி.

அந்த பேண்டுல பாரிடோன் சாக்ஸ் (கனத்த குரல்ல ஊதுற பெரிய சாக்ஸபோன்) வாசிச்ச ஹாரி கார்னி 1927ல சேரும்போது 17 வயசுப் பையன். 1974ல எலிங்டன் சாகுற வரைக்கும் வேற எங்கயும் போகல. 47 வருஷம்டா! கச்சேரி முடிஞ்சு மத்தவங்க பஸ் ஏறுவாங்க, எலிங்டன் மட்டும் கார்னியோட கார்ல, கார்னி ஓட்ட இவர் பக்கத்து சீட்ல, ராத்திரி முழுக்க அடுத்த ஊருக்கு.

எப்படி இருந்தாங்க அப்படின்னா, அவர் எழுதுன விதம் அப்படி. சாக்ஸுக்கு இது, டிரம்பெட்டுக்கு இதுன்னு பொதுவா எழுத மாட்டார், இன்னார் ஊதுனா எப்படி இருக்கும்னு யோசிச்சு அந்த ஆளுக்காகவே எழுதுவார், நோட்ஸ் தாள்ல வாசிக்கிறவர் பேரே இருக்கும். வேற ஒருத்தன் அதே நோட்ட வாசிச்சா அந்த சத்தம் வராது.

விட்டுட்டுப் போனவங்களும் உண்டு. 1951ல சாக்ஸ் வாசிச்ச ஜானி ஹாட்ஜஸ் தனி பேண்டு போடப் போனார், டிராம்போன் ஊதுன லாரன்ஸ் பிரவுனும் டிரம்மர் சன்னி கிரீரும் கூடவே கெளம்பிட்டாங்க. மூணும் பெரிய கைங்க. எலிங்டன் கலைக்கல. ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் பெரிய பேண்டுங்க கட்டுப்படியாகாம ஒவ்வொண்ணா மூடுன காலம், இவர் தன் பாட்டுக்கு வந்த ராயல்டிய எடுத்து சம்பளம் குடுத்தார். 1955ல ஹாட்ஜஸ் திரும்பி வந்துட்டார். அடுத்த வருஷமே நியூபோர்ட் ஜாஸ் விழாவுல இவர் பேண்டுல இருந்த பால் கொன்சால்வஸ் டெனர் சாக்ஸ்ல நிறுத்தாம 27 ரவுண்டு ஊத, சனம் எந்திரிச்சு ஆடுச்சு! எலிங்டன் கதை முடிஞ்சுதுன்னு பேசுனவங்க எல்லாம் வாய மூடிட்டாங்க. அந்த ரெக்கார்டிங்க இப்பவும் கேட்டா எனக்கு புல்லரிக்குது.

1974 மே 15ல கொன்சால்வஸ் செத்துப் போனார், 24ந்தேதி எலிங்டன், அக்டோபர்ல கார்னியும் போயிட்டார். இத படிச்சிட்டு அன்னிக்கு எனக்கு தூக்கமே வரலடா.

கீபோர்டு பையன் போனா போகட்டும், வேற ஆள் பாத்துக்கலாம். ஆனா நம்ம தபேலா அண்ணன விட்டுடாத. அவர் கைக்குன்னே நீ மெட்டு போட்ட காலம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. காசு எவ்ளோ குறையுதுன்னு கணக்கு போட்டு வை, ஞாயித்துக்கெழம பேசலாம். அதுவரைக்கும் யாருகிட்டயும் கலைக்கப் போறேன்னு சொல்லாத.