என்டர் கீ படுத்திய பாடு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். எனக்குத்தான் கழுத்துவலி, நம் தொழில் தருகிற போனஸ்.

திரையில் வரிசையும் கட்டமுமாக அட்டவணை காட்டும் ரெடிமேட் கிரிட் கன்ட்ரோல் ஒத்துழைக்கவில்லை, பேசாமல் நானே ஒன்று எழுதிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. ஸ்க்ரோல், மவுஸ் வீல், பெரிய திரையில் எழுத்து மங்குவது என்று ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து ஆறு மாதம் ஓடிவிடும்.

திருப்பூரில் ஒரு நூல் கடைக்கு மைக்ரோசாஃப்டின் வின்ஃபார்ம்ஸில் பில்லிங் மென்பொருள் செய்து கொடுத்தேன் அல்லவா, அதில் கிரிட் மட்டும் வெளியில் வாங்கியது. பில் போடும் அக்கா இடது கையில் சலானைப் பிடித்துக்கொண்டு, வலது கையை நம்பர் பேடை விட்டு எடுக்கவே மாட்டார். என்டர் தட்டினால் வலப்பக்கக் கட்டத்துக்குப் போக வேண்டும். கிரிட்டோ கீழ் வரிசைக்குத் தாவியது. அதை மாற்ற ஒரு ப்ராபர்ட்டியும், அதாவது செட்டிங்கும், கிடையாது.

முதலில், கீயை அழுத்தியதும் கிரிட் எழுப்பும் கீடவுன் நிகழ்வில் என்டரைப் பிடித்தேன். கட்டத்தில் சும்மா நிற்கும்போது வேலை செய்தது. எண்ணைத் தட்ட ஆரம்பித்ததும் இல்லை. அந்த நேரத்தில் கட்டத்துக்குள் ஒரு குட்டி டெக்ஸ்ட் பாக்ஸ் முளைத்து, ஃபோகஸை வாங்கிக்கொள்கிறது. என்டர் தட்டியதே கிரிட்டுக்குத் தெரியாது. சரி என்று, ஓடும் நிரலின் உள்ளமைப்பையே தோண்டிப் பார்க்கும் ரிஃப்ளெக்‌ஷனில் உள்ளே புகுந்து, அந்த டெக்ஸ்ட் பாக்ஸை வைத்திருந்த வெளியார் தொடக்கூடாத ப்ரைவேட் ஃபீல்டைப் பெயர் சொல்லிப் பிடித்தேன். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை! அடுத்த வெர்ஷனில் அவர்கள் அந்தப் பெயரை மாற்றிவிட்டார்கள். மாத விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போடக் கடைசி நாளான 11-ஆம் தேதி காலையில், என்டர் தட்டத் தட்ட மென்பொருள் விழுந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ப்ரைவேட் என்று எழுதியே வைத்திருந்தார்கள், சுவரேறிக் குதித்தவன் நான்.

இப்போது வின்ஃபார்ம்ஸிலேயே இருக்கும் ஐமெசேஜ்ஃபில்டர்தான் போட்டிருக்கிறேன். கீபோர்டு மெசேஜ் எந்த விண்டோவுக்கும் போய்ச் சேருமுன் நம் கைக்கு வந்துவிடும். மெசேஜ் எண் 256 என்றால் கீடவுன், கீ எண் 13 என்றால் என்டர். மெசேஜ் போகிற ஹேண்டில், அதாவது விண்டோவின் அடையாள எண், கிரிட்டுடையதா, அதற்குள் இருப்பதா என்று விண்டோஸின் இஸ்சைல்டு ஃபங்ஷனிடம் கேட்டுவிட்டு, கர்சரை வலப்பக்கம் நகர்த்தி, ‘நானே பார்த்துக்கொண்டேன்’ என்று ட்ரூ கொடுத்தால் முடிந்தது. வெளியாருக்கென்றே திறந்து வைத்திருக்கும் கிரிட்டின் பப்ளிக் மெத்தடைத் தவிர எதையும் தொடவில்லை. அப்புறம் இரண்டு அப்டேட் வந்தும் அசையவில்லை. ஒன்றை மறந்துவிடாதே: ட்ராப்டவுன் பட்டியல் திறந்திருந்தால் என்டரைத் தடுக்காமல் விட்டுவிடு. நான் விடவில்லை. அக்கா தேர்ந்தெடுத்த நூல் ரகம் பதியாமல், பாதி நாள் பழைய ரகத்திலேயே பில் போயிற்று. முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எண்ணில் கமா சரியாக விழவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்தப் பிரச்சினை எனக்கும் உண்டு. 12,34,567 என்று காட்ட வேண்டியதை இந்த கிரிட் 1,234,567 என்கிறது. எண்ணை எழுத்தாக மாற்றிக் கொடுத்தேன், கமா சரியாயிற்று, வரிசைப்படுத்தும் ஸார்ட் கெட்டது. முதல் எழுத்தைப் பார்த்து வரிசைப்படுத்துவதால் 12 லட்சத்துக்கு அடுத்து 9,000 வந்து நிற்கிறது. அதற்கென்று தனி ஸார்ட் எழுத வேண்டியதாயிற்று.

ஃபில்டர் கோடைத் தனியாக அனுப்புகிறேன், ஐம்பது வரிகூட வராது. தீபாவளிக்கு ஊருக்கு வருவாய்தானே? உன் கேரம் போர்டு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. ஸ்ட்ரைக்கர் மட்டும் நீ வாங்கி வா.

அன்புடன்,
மணி