ஸ்விட்சில் ஆக்சஸ் பாயிண்ட் மாட்டும் முன்

குழு நண்பர்களுக்கு: ஏபி (வைஃபை தரும் ஆக்சஸ் பாயிண்ட்) தானாக ரீஸ்டார்ட் ஆனால் முதலில் ஸ்விட்சின் மொத்த பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே தரும் மின்சாரம்) வாட்டைப் பாருங்கள். 24 போர்ட், 370 வாட் என்றால் போர்ட்டுக்கு 30 வாட் வீதம் 12 போர்ட்டுக்குத்தான் வரும். கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவுக் கேபிள் வேண்டவே வேண்டாம். லோடு ஏறும்போது வோல்டேஜ் இறங்கி ஏபி அணைந்து அணைந்து வரும்.

ஏபி மாட்டும் போர்ட்டை டிரங்க்காக வையுங்கள்; அப்போதுதான் பல விலான்கள் (ஒரே ஸ்விட்சில் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்குகள்) ஒரே கேபிளில் போகும். ஏபியை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் விலான் டேக் (விலான் எண் அடையாளம்) இல்லாமல், ஒவ்வொரு எஸ்எஸ்ஐடியின் (வைஃபை பெயரின்) விலானும் டேக்கோடு. வைஃபை கனெக்ட் ஆகிறது, ஐபி மட்டும் வரவில்லையா? பெரும்பாலும் அந்த விலானை ஏபி போர்ட்டில் சேர்த்துவிட்டு அப்லிங்கில் (மேல் ஸ்விட்சுக்கோ ரூட்டருக்கோ போகும் போர்ட்டில்) சேர்க்க மறந்திருப்பீர்கள்.

போர்ட் செக்யூரிட்டியில் மேக் வரம்பு (ஒரு போர்ட்டில் எத்தனை கருவிகளின் மேக் முகவரியை அனுமதிப்பது என்ற எண்ணிக்கை) 1 என்றிருந்தால், ஏபியின் மேக்கே அதை நிரப்பிவிடும். முதல் போன் சேர்ந்ததுமே போர்ட் மூடிக்கொள்ளலாம். அந்த போர்ட்டுகளில் வரம்பை எடுத்துவிடுங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல், 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் போதும்.

ஹேங் ஆன ஏபிக்கு ஏணி தேட வேண்டாம். ஸ்விட்சில் அந்த போர்ட்டின் பிஓஇயை மட்டும் அணைத்துப் போடுங்கள். எந்த போர்ட்டில் எந்த ஏபி என்று டிஸ்கிரிப்ஷனில் எழுதியிருந்தால்தான் இது நடக்கும். இல்லாவிட்டால் பக்கத்து அறை கேமரா அணையும்.