நனைஞ்ச கிளவுஸை அடுப்பாண்ட வெக்காதீங்க: நம்ம கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கமுங்க.

ஏற்காட்டுல எஸ்டேட் வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர் போன வாரம் நம்ம சேலம் கடைக்கு ஒரு ஜோடி லெதர் கிளவுஸ் எடுத்துட்டு வந்தாரு, நம்மகிட்ட வாங்குனதுதான். மழையில நனைஞ்சுருச்சுன்னு ராத்திரி அடுப்புப் பக்கத்துல வெச்சிருக்காரு. காலையில பாத்தா விரலெல்லாம் சுருங்கி, மடக்குனா அப்பளம் மாதிரி நொறுநொறுங்குது, கட்டைவிரல் தையல் ஓரமா தோல் வெடிச்சே போச்சு. அதை எங்களால சரி பண்ண முடியலைங்க. விக்கும்போதே சொல்லியிருக்கணும், சொல்லல, அதான் இந்த மடல்.

தோலுங்கிறது பின்னிப் பின்னிக் கிடக்குற நாரு, அதுக்கு நடுவுல இருக்குற எண்ணெய்ப் பசைதான் அதை மெத்துனு வெச்சிருக்கு. சூடு பட்டா தண்ணி சட்டுன்னு போயி நாரு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்புறம் என்ன தடவுனாலும் பழைய பதம் வராது. அதனால வெயிலு, அடுப்பு, ஹேர் டிரையர், வண்டி சைலன்சர் எதுவும் வேண்டாம். முறுக்கிப் பிழியாம துண்டுல வெச்சு அமுக்கி ஈரத்தை எடுங்க, விரலுக்குள்ள வெள்ளைத் துணியைத் திணிச்சு (நியூஸ்பேப்பர் வெச்சா வெளிர் கலர்ல மை ஒட்டிக்கும்) நிழல்ல, ஃபேன் காத்துல ஒரு நாளு ரெண்டு நாளு விட்டுருங்க, லேசா ஈரம் இருக்கும்போதே கையில மாட்டி நாலஞ்சு தடவை மூடித் திறங்க, அப்பதான் கை வாட்டத்துக்குக் காயும்.

வழவழ லெதர்ல அழுக்குன்னா ஈரத் துணியில கொஞ்சம் சேடில் சோப்பு (தோல் சாமானைத் துடைக்கறதுக்குன்னே வர்ற சோப்பு) தொட்டுத் துடைச்சு, காஞ்சப்புறம் லெதர் கண்டிஷனர் (தோலை மெத்துனு வெக்கற கிரீம்) ஒரு பட்டாணி அளவு போதும். எதைப் போட்டாலும் முதல்ல கிளவுஸோட மணிக்கட்டு உள்பக்கம் தடவிப் பாத்துக்கோங்க. தேங்கா எண்ணெய் தடவலாம்னு முன்னாடி சில பேருக்கு நாங்களே சொல்லியிருக்கோம், அது தப்புங்க, மன்னிச்சுக்கோங்க. கலர் கருத்துரும், நாளானா சிக்கு வாடை வரும்.

ஸ்வேட் கதையே வேற. அது தோலோட உள்பக்கம், அதான் மேல பூனை முடி மாதிரி இருக்கு. ஸ்வீடன் நாட்டுக் கிளவுஸுன்னு பிரெஞ்சுக்காரங்க சொன்னதுல இருந்துதான் ஸ்வேட்ங்கிற பேரே வந்துச்சு. இதுல பாலிஷ், எண்ணெய், கிரீம் எதுவும் படக்கூடாது, முடி படுத்துக்கும், திரும்ப எழுப்பறது பெரிய பாடு. நல்லா காய விட்டு மெத்துனு ஒரு பிரஷ்ல ஒரே பக்கமா தேய்ங்க, போகாத கறைக்கு பசங்க ஸ்கூல் ரப்பர், வெள்ளை ரப்பரா பாத்து. பஜ்ஜி எண்ணெய் பட்டுருச்சா, கார்ன் ஃப்ளவரைக் கொட்டி ராத்திரி பூரா விட்டுட்டு காலையில தட்டிருங்க, தேவைன்னா இன்னொரு தடவை.

மலையில இருக்கறவங்களுக்குப் பெரிய தொல்லை பூசணம். இருபது கொண்டை ஊசி ஏறிட்டா பனிமூட்டமும் ஈரமும்தான், பீரோவுக்குள்ள பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெச்சா வெள்ளையா பூத்துரும். கவரை எடுத்துட்டு பழைய வேட்டித் துணியில சுத்தி, ஷூ டப்பாவுல வருமே சிலிக்கா ஜெல் பாக்கெட்டு, அதுல ரெண்டு போட்டு வைங்க. பூத்துருச்சுன்னா வீட்டுக்கு வெளிய வெச்சு பிரஷ் பண்ணுங்க, வித்து பறக்கும், மூக்குல துணி கட்டிக்கோங்க. அப்புறம் வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துணியில லேசா தொட்டுத் துடைச்சு நிழல்ல ஆற விடுங்க. ஸ்வேட்டுக்கு பிரஷோட நிறுத்திருங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்.

வண்டி ஓட்டற தம்பிங்களுக்கு ஒண்ணு, கழட்டுன கிளவுஸை அப்படியே ஹெல்மெட்டுக்குள்ள திணிக்காதீங்க. வேர்வை உப்பு தையல் நூலையும் தின்னுரும். வாயை விரிச்சு காத்தாட வைங்க.

தையல் லேசா விட்டாலே கொண்டாந்துருங்க, நம்மகிட்ட வாங்குனதுக்கு தையல் கூலி கிடையாது. வெடிச்சப்புறம் கொண்டாந்தா எங்களுக்கும் வழி இல்லைங்க.