ஸ்க்ரோல் சா டிசைனை குறைச்சு போடுங்க, எப்படி குறைக்கறதுன்னும் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க வார இணைப்புல கைவேலை பக்கத்துல அப்பப்போ ஸ்க்ரோல் சா மெஷின்ல (மெல்லிசு பிளேடு மேலயும் கீழயும் ஓடி பலகைய வளைச்சு வளைச்சு அறுக்கற மெஷின்) அறுக்கறதுக்கு டிசைன் போடறீங்க, அதுக்கு முதல்ல நன்றி. போன தடவை வந்த ஆந்தை பலகை பத்திதான் இந்த கடிதம். படம் ரொம்ப அழகு. ஆனா நெஞ்சுல இருக்கற ஒவ்வொரு இறகும் தனித்தனி வெட்டு, கிளைல ஒவ்வொரு இலைக்கும் நரம்பு, கீழ பேர் போட ஒரு பட்டை, இவ்வளவையும் உள்ளங்கையை விட கொஞ்சம் பெரிய பலகைல அடக்கி வெச்சிருக்கீங்க. புதுசா மெஷின் வாங்கின ஒருத்தர் அதை அப்படியே பிரிண்ட் எடுத்து ஒட்டி ஆரம்பிச்சா பாதியிலயே வெறுத்துப்போய் மூடி வெச்சிடுவாரு. நல்ல ஆர்வத்தோட வர்றவங்க இப்படித்தான் இந்த வேலைய விட்டுட்டு போறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

ஒரு டிசைன்ல உள்பக்கம் வெட்டி எடுக்கற ஒவ்வொரு இடத்துக்கும் முதல்ல டிரில் போட்டு ஒரு ஓட்டை வேணும். பிளேடோட ஒரு முனைய கழட்டி, ஓட்டை வழியா விட்டு, திரும்ப மாட்டி, இறுக்கி, அதுக்கப்புறம்தான் அறுக்கவே முடியும். 150 ஓட்டை இருக்குன்னு வெச்சுக்கங்க, ஒண்ணுக்கு ஒரு நிமிஷம்னாலே பிளேடை மாட்டி கழட்டறதுக்கு மட்டும் ரெண்டரை மணி நேரம். இதுல முனையில குறுக்கா குட்டி பின் வெச்ச பிளேடு போடற மெஷின்னா அந்த பின் நுழையற அளவுக்கு ஓட்டை பெருசா இருக்கணும், அப்போ குட்டி குட்டி இறகெல்லாம் போடவே முடியாது, ஓட்டையே இறகை விட பெருசாயிடும். அதனால டிசைனை கையில எடுத்ததும் முதல் வேலையா ஓட்டைய எண்ணணும்னு நான் சொல்வேன்.

எதை எடுக்கறது எதை விடறதுங்கறதுதான் இதுல ருசியான இடம். படத்தை செவுத்துல ஒட்டிட்டு ஆறேழு அடி தள்ளி நின்னு கண்ணை லேசா சுருக்கி பாருங்க. அப்பவும் ஆந்தைன்னு எது சொல்லுதோ அது இருக்கணும், மங்கிப்போனதெல்லாம் போகலாம். ஆந்தைக்கு முகவட்டம், ரெண்டு கண்ணு, மூக்கு, இறக்கையோட வெளி விளிம்பு, இவ்வளவு போதும். நெஞ்சு இறகுல மூணு வரிசை வெச்சா போதும், அதுவும் கீழ போகப்போக கம்மி பண்ணிட்டு வந்தா மீதிய பாக்கறவங்க கண்ணே நிரப்பிக்கும். பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு சின்ன வெட்டை சேர்த்து ஒரே வெட்டா ஆக்கலாம், ஓட்டை எண்ணிக்கை பாதியா குறைஞ்சிடும். இலை நரம்பை வெட்டி எடுக்கவே வேண்டாம், விளிம்புல இருந்து பிளேடு ஒரே ஒரு கோடா உள்ள போய் அதே வழியா பின்னாடி வந்துட்டா அதுவே நரம்பு மாதிரி தெரியும், ஓட்டையும் கிடையாது, கழிவா விழற துண்டும் கிடையாது. அதை விட மெல்லிசா கோடு வேணும்னா மரத்துல சூடு போடற பேனா இருக்கே, அதால போட்டுக்கலாம். எல்லாத்தையும் பிளேடே செய்யணும்னு என்ன கட்டாயம்?

கண்ணை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா நீங்க போட்ட படத்துல அங்கதான் சிக்கல். கண்ணை சுத்தி ஒரு முழு வட்டத்தை வெட்டி எடுக்க சொல்லியிருக்கீங்க, நடுவுல கருவிழி மரமா நிக்கணும். அது எதுல நிக்கும்? சுத்தி வெட்டி முடிச்சதும் கருவிழி கீழ விழுந்துடும். ஸ்டென்சில் வெட்டறவங்களுக்கு இது நல்லா தெரியும். மேல பக்கம் ஒரு இடத்துல வெட்டை நிறுத்தி ஒரு பாலம், அதாவது கருவிழிய பிடிச்சுக்க அறுக்காத மரம் கொஞ்சம், விடணும், அதை இமை இறங்கி வந்த மாதிரி வரைஞ்சுட்டா பாலம்னே தெரியாது, ஆந்தைக்கு பார்வையும் வந்துடும். இல்லைன்னா பின்னாடி கருப்பு அட்டையோ பலகையோ வெச்சு கருவிழிய தனியா ஒட்டிக்கலாம்.

இந்த பாலங்களை மெல்லிசா விட்டா உடையும். 3 மி.மீ. ப்ளைவுட்ல குறைஞ்சது 3 மி.மீ. அகலமாவது விடுங்க, தனி மரப்பலகைன்னா ரெண்டு மடங்கு விடறது நல்லது. மர ரேகை ஓடற திசையோட பாலம் போனா தாங்கும், ரேகைக்கு குறுக்கா மெல்லிசா போனா உப்புத்தாள் தேய்க்கும்போதே படக்குனு போயிடும். ப்ளைவுட்ல அடுக்கடுக்கா ரேகைய மாத்தி மாத்தி வெச்சு ஒட்டியிருக்கறதால இந்த தொல்லை கம்மி, அதனாலதான் நுணுக்கமான வேலைக்கு எல்லாரும் அதை எடுக்கறாங்க. இன்னொண்ணு, பெரிய டிசைனை பாதி அளவுக்கு சுருக்கினா 3 மி.மீ. பாலம் ஒன்றரை மி.மீ. ஆயிடும். சுருக்கறதுக்கு முன்னாடியே கோடுகளை குறைச்சிடணும்.

பேர் எழுதறதுக்கும் இதே கதைதான், அதுலயும் தமிழ் எழுத்துக்கு. எழுத்தை ஓட்டையா வெட்டி எடுத்தா க, த, வ மாதிரி மூடின சுழி இருக்கற எழுத்துல சுழிக்குள்ள இருக்கற மரம் விழுந்துடும், ஒரு சின்ன பாலம் வேணும். ட, ப எல்லாம் திறந்து இருக்கறதால பிரச்சனை இல்ல, மெய்யெழுத்து புள்ளி ஒரு டிரில் ஓட்டையோட முடிஞ்சிடும். அதுக்கு மாறா சுத்தி இருக்கறதை வெட்டிட்டு எழுத்தை மரமா நிக்கவிட்டா சுழி நிக்கும், ஆனா புள்ளி அந்தரத்துல தொங்கும், காலும் கொம்பும் தனித்தனியா கழண்டுக்கும், கீழ ஒரு பட்டை விட்டு எல்லாத்தையும் சேர்த்து பிடிக்கணும். பேர் டிசைன் போடும்போது இதுல எந்த வகைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

கம்ப்யூட்டர்ல செய்யறவங்களுக்கு இங்க்ஸ்கேப்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. போட்டோவ கருப்பு வெள்ளையாக்கி கோடா மாத்தும், சிம்ப்ளிஃபைனு ஒரு வசதியும் இருக்கு, நடுங்கற கோட்டை வழவழன்னு ஆக்கிடும். ஆனா எது கண்ணு எது நிழல்னு அதுக்கு தெரியாது, ரெண்டு மூணு தடவை அழுத்தினா மூக்கோட கூர்மையும் சேர்ந்து போயிடும். அதனால பிரிண்ட் மேல டிரேசிங் பேப்பர் வெச்சு வேணுங்கற கோட்டை மட்டும் கையால இழுக்கறதுதான் எனக்கு பிடிச்ச வழி. முடிச்சதும் விழப்போற இடத்தை எல்லாம் பென்சில்ல கருப்பாக்குங்க, வெள்ளை முழுசும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கான்னு விரலை வெச்சு ஓட்டிப் பாருங்க. விரல் எங்கயாவது கருப்பை தாண்டாம போக முடியலைன்னா அந்த துண்டு கீழ விழும்.

பிளேடு நம்பர் ஏற ஏற தடிமன் ஏறும், மெல்லிசு ப்ளைவுட்ல நுணுக்கத்துக்கு 1, 3 போதும். அறுக்கும்போது நடுவுல இருக்கற சின்ன வெட்டுல ஆரம்பிச்சு வெளிய வரணும், வெளி விளிம்பு கடைசி, அப்போதான் பலகை கடைசி வரைக்கும் பலமா இருக்கும். மாஸ்க் போடாம யாரும் உக்காராதீங்க, ப்ளைவுட் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

குறைச்சு போட்டா டிசைன் தரம் இறங்கிடும்னு சிலர் நினைக்கறாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். எந்த கோட்டை விடலாம்னு முடிவு பண்ண படத்தை நல்லா புரிஞ்சுக்கணும், அதுக்கு திறமை வேணும். நுணுக்கமான டிசைன் வேண்டவே வேண்டாம்னு நான் சொல்லல, கை பழகினவங்களுக்கு அதுவும் வேணும். ஒரே படத்தை ரெண்டு விதமா போடுங்க, ஒண்ணு முழுசா, ஒண்ணு குறைச்சு. படத்துக்கு கீழ ஒரே ஒரு வரி, எந்த அளவுல பிரிண்ட் எடுக்கணும், பலகை எத்தனை மி.மீ., மொத்தம் எத்தனை ஓட்டை. டிசைன் வரைஞ்சவர் மத்தவங்க கோடுகளை மாத்திக்கலாம்னு சம்மதிச்சிருந்தா அதையும் சேர்த்து போட்டுடுங்க, பலர் அது தெரியாமதான் கை வைக்க தயங்கறாங்க.

இப்படிக்கு,
கைவேலை பக்கத்தை விடாம படிக்கற ஒரு வாசகர்