செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஏழு சபைகளும் 94 உறுப்பினர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் அன்பர்களே, வராமல் இருந்துவிட்டு நாளைக் காலையில் வாட்ஸ்அப்பில் "கூட்டம் நடந்ததா?" என்று கேட்கப்போகிறவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் நம் ஓய்வுபெற்றோர் சங்கம் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன். மாதக் கூட்டங்கள் பன்னிரண்டில் ஒன்பது நடந்தன. மற்ற மூன்றுக்கும் நானும் பொருளாளரும் வாட்ச்மேனும்தான் வந்திருந்தோம். ஜூலையில் கண் பரிசோதனை முகாம். ஆகஸ்ட் 15 கொடியேற்றம், மிட்டாய். கிறிஸ்துமஸ் விழா, பொங்கல் விழா இரண்டும் நடந்தன, வழக்கம்போல. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூன்று உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்திலேயே மௌன அஞ்சலி செலுத்திவிட்டோம்.

சரி, இனி சுற்றுலா. இதைக் கேட்கத்தான் பின்வரிசை வரை ஆள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வருஷா வருஷம் கொடைக்கானல், குற்றாலம், வேளாங்கண்ணி என்று போய்க்கொண்டிருந்த சங்கத்தை துருக்கிக்குக் கூட்டிப்போகலாம் என்று 2023 டிசம்பர் கூட்டத்தில் சொன்னது நான்தான், மறுக்கவில்லை. முப்பது வருஷம் வரலாறு பாடம் நடத்தியவன், பாடப்புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படமாகக் காட்டியதை ஒருமுறை கல்லாகப் பார்க்க ஆசைப்பட்டேன். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் யோவான் கடிதம் எழுதுகிற எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா ஆகிய ஏழு சபைகளும் இன்றைய துருக்கியின் மேற்கு ஓரத்தில், ஒரே பஸ்ஸில் சுற்றி வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. அன்று கைதட்டினீர்கள். 41 பேர் பெயர் கொடுத்தீர்கள். முன்பணம் கட்டியவர்கள் 22. பாஸ்போர்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தவர்கள் 19. விமானம் ஏறியது 17. இந்த நான்கு எண்களையும் நான் ராத்திரி தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

"இது சர்ச் டூர், நமக்கெதற்கு" என்று ஒரு பேச்சு ஓடியது. போன 17 பேரில் ஐந்து பேர் இந்துக்கள், இரண்டு பேர் முஸ்லிம்கள், அவர்கள் யாரும் பாதியில் திரும்பி வரவில்லை. சர்தை என்பது பொன்னுக்குப் பேர்போன குரோசஸ் ராஜாவின் தலைநகரம். ஆற்று மணலில் கிடைத்த பொன்னிலிருந்து வெள்ளியைப் பிரித்து எடுத்த பட்டறையைத் தோண்டிக் கண்டுபிடித்த ஊர். நம் வங்கி அண்ணாச்சி அங்கே நின்று, "நகைக்கடன் பிரிவுக்கு இதுதான் ஆதி கிளை" என்றார். இதில் சர்ச் எங்கே வந்தது? அரசு மானியம் உண்டா என்று கேட்டவர்களுக்கும் மறுபடி சொல்கிறேன், தமிழக அரசு கொடுப்பது ஜெருசலேம் புனிதப் பயணத்துக்கு, துருக்கிக்கு அல்ல.

அக்டோபரில் திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாக இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தோம். விசா விஷயத்தில் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன். இருவருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள்தான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது, அதற்கு நான் பொறுப்பல்ல. அங்கே ஆயா சோபியாவைத் தேவாலயமாக ஜஸ்டினியன் பேரரசர் கட்டி முடித்தது 537இல். பிறகு 1453இல் மசூதி, அப்புறம் மியூசியம், 2020 முதல் மறுபடி மசூதி. நாங்கள் போனபோது வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்களை மேல்மாடத்துக்கு மட்டுமே விட்டார்கள், அதற்கு 25 யூரோ. அந்த மாடத்துப் பளிங்குக் கைப்பிடிச் சுவரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு வைக்கிங் வீரன் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். அதைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு ஒரே நிம்மதி, இந்தப் பழக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை என்று.

அங்கிருந்து இஸ்னிக். இதுதான் நிசேயா. ஞாயிறுதோறும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாகச் சொல்கிற நம்மவர் இருவர், அது ஓர் ஊரின் பெயர் என்று பஸ்ஸில்தான் தெரிந்துகொண்டார்கள். 325இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களைக் கூட்டி, அந்தப் பிரமாணத்துக்கு அடிபோட்ட ஊர். இன்று சுற்றி மதில், உள்ளே சின்ன டவுன், பக்கத்தில் ஏரி. கரைக்கு மிக அருகில் தண்ணீருக்குள் ஒரு பழைய தேவாலயத்தின் அடித்தளம் கிடக்கிறது. 2014இல் வான்வழிப் படத்தில்தான் அது கண்ணில் பட்டதாம், அதுவரை அதன்மேல் படகு போய்க்கொண்டிருந்திருக்கிறது. 325இல் நடந்த அந்தக் கூட்டத்துக்கு 2025 1700ஆவது ஆண்டு என்பதால் "2025இல் போயிருக்கலாமே" என்று இப்போது சொல்கிறவர்கள், அன்று "2024இலேயே முடித்துவிடுங்கள்" என்று சொன்னவர்கள்தான். மினிட் புத்தகத்தில் இருக்கிறது.

பெர்கமுவில் மலைக்கோட்டைக்கு ரோப் காரில் ஏறினோம். கிரேக்கக் கடவுள் சீயஸின் பலிபீடம் இருந்த இடத்தில் படிக்கட்டு அடித்தளமும் சில மரங்களும்தான் மிச்சம். 1878இல் தொடங்கிய ஜெர்மானிய அகழாய்வில் கிடைத்த சிற்பங்கள் எல்லாம் பெர்லினில் இருக்கின்றன. "அப்ப நாம பெர்லினுக்கு இல்ல போயிருக்கணும்" என்று ஒருவர் முகத்தைச் சுளித்தார். பெர்லின் மியூசியம் பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறது என்று சொன்னபிறகுதான் அடங்கினார். தியத்தீரா, இன்றைய அகிசார், கடைவீதி நடுவில் வேலி போட்ட ஒரு மனை. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, மீதி நேரத்தில் எல்லோரும் ஆலிவ் வாங்கினார்கள். பிலதெல்பியாவில் நாலைந்து ஆள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத செங்கல் தூண்கள், வெளியே உலர் திராட்சை.

லவோதிக்கேயாவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல அனுமதி வேண்டும். வடக்கே பார்த்தால் பாமுக்கலே மலை சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாகத் தெரிகிறது, அங்கே வெந்நீர் ஊற்று. கிழக்கே கொலோசே, அங்கே குளிர்ந்த தண்ணீர். லவோதிக்கேயாவுக்குச் சொந்தமாக எதுவும் இல்லை, குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள், வந்து சேரும்போது வெதுவெதுப்பாக இருந்தது என்று விளக்கம் சொல்வார்கள். நம் குடிநீர் வாரிய அண்ணாச்சி குனிந்து, உடைந்து கிடந்த ஒரு மண்குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பு படிந்து படிந்து ஓட்டை சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. "ஏ சாமி, நம்ம வீட்டு ஹீட்டர்லயும் இதே கதைதான்" என்றார். அந்த ஊரில் கி.பி. 114ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டம் ஒன்று பளிங்கில் வெட்டப்பட்டுக் கிடைத்திருக்கிறது: குழாயைச் சேதப்படுத்தினாலோ தண்ணீரை அசுத்தப்படுத்தினாலோ 5,000 முதல் 12,500 தெனாரியஸ் (ரோம வெள்ளிக் காசு) வரை அபராதம். அண்ணாச்சி இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று வருஷ சர்வீசில் தன்னால் 500 ரூபாய் அபராதம்கூட வசூலிக்க முடியவில்லை என்கிற வருத்தம் அவருக்கு.

அந்தச் சபைக்குத்தான் யோவான் எழுதுகிறார், நீ குளிருமில்லை, அனலுமில்லை என்று. அங்கே நின்று அதை வாசித்தபோது எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை, "பார்க்கலாம் சார்" என்று சொன்ன 24 பேர்தான் நினைவுக்கு வந்தார்கள். வரமுடியாது என்று சொல்லியிருந்தால் ஆறு மாதத்துக்கு முன்பே சின்ன பஸ் பிடித்திருப்பேன். வருகிறேன் என்றிருந்தால் குழுக் கட்டணம் குறைந்திருக்கும். முழங்கால் வலி, மகள் பிரசவம் எல்லாம் புரிகிறது. ஆனால் போனை எடுக்காததற்கு முழங்கால் காரணமாக முடியாது. அந்த ஏழு கடிதங்களையும் வரிசையாக வாசித்துப் பாருங்கள், அவையும் ஒருவிதத்தில் ஆண்டறிக்கைதான். முதலில் உன் கிரியைகளை அறிந்திருக்கிறேன், அப்புறம் ஆனாலும் உன்பேரில் எனக்குக் குறை உண்டு. சிமிர்னாவும் பிலதெல்பியாவும் மட்டும் குறை சொல்லப்படாமல் தப்பித்தன. ஏழில் இரண்டு. நம் சந்தா வசூலும் அந்த விகிதத்தில்தான் இருக்கிறது.

எபேசுவில் முதலில் ஆர்ட்டெமிஸ் கோயிலைப் பார்த்தோம். உலக அதிசயம் ஏழில் ஒன்றாக இருந்த இடத்தில் துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூண், அதன் தலையில் நாரைக் கூடு, அக்டோபர் என்பதால் நாரையும் இல்லை. அப்புறம் செல்சஸ் நூலக முகப்பு, எல்லோரும் போட்டோ எடுத்த இடம். துறைமுக வீதி நேராகப் போய்ப் புதரில் முடிகிறது. ஆறு வண்டல் கொண்டுவந்து தள்ளித் தள்ளிக் கடல் ஐந்தாறு கிலோமீட்டர் விலகிவிட்டது, தூர் வாராத கால்வாய் எப்படி ஒரு நகரத்தையே கொல்லும் என்பதற்கு நெல்லைக்காரனுக்கு விளக்கம் தேவையில்லை.

சுமார் 24,000 பேர் உட்காரக்கூடிய எபேசு அரங்கத்தில்தான், பைபிளில் லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளின் 19ஆம் அதிகாரக் கலவரம் நடந்தது. பவுல் வந்து கிறிஸ்துவைப் பிரசங்கித்தபிறகு ஆர்ட்டெமிஸின் வெள்ளிக் கோயில் பொம்மை வியாபாரம் படுத்துவிட்டது என்று தெமேத்திரியு தன் தொழில்காரர்களைக் கூட்டுகிறான், அது முழு ஊராகி, இரண்டு மணிநேரம் "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று கத்துகிறார்கள் (தியானாள் என்பது அதே ஆர்ட்டெமிஸ்தான்). எதற்காகக் கூடினோம் என்றே பெரும்பாலோருக்குத் தெரியவில்லை என்று லூக்கா எழுதுகிறார், நம் பிப்ரவரிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதினவர் மாதிரி. கடைசியில் கூட்டத்தை அமர்த்தியது யார்? நம் தமிழ் வேதாகமத்தில் பட்டணத்துச் சம்பிரதி. கிரேக்க மூலத்தில் கிரம்மட்டேயுஸ், அதாவது எழுத்து வேலை பார்க்கும் செயலாளர். கோபப்படவில்லை, குறை இருந்தால் நீதிமன்றம் இருக்கிறது, வேறு விஷயம் என்றால் முறையான கூட்டத்தில் பேசுங்கள், இன்றைய கூச்சலுக்கு நம்மால் கணக்குச் சொல்ல முடியாது என்று நாலு வரி பேசிக் கூட்டத்தைக் கலைத்து அனுப்பினார். பவுலையும் தெரிகிறது, தெமேத்திரியுவையும் தெரிகிறது, அந்தச் செயலாளரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. நான் மேல்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்த மனிதரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுற்றுலாவைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த 217 செய்திகளுக்கும் என் பதில் அதுவேதான். எழுதிக் கொடுங்கள், முறையான கூட்டத்தில் பேசுவோம். ஒன்றுக்கு மட்டும் இப்போதே பதில் சொல்கிறேன், பலூனில் ஏன் ஏற்றவில்லை என்பதற்கு. பலூன் பறக்கும் கப்படோசியா அங்கிருந்து ஒரு முழு நாள் பஸ் தூரம். எட்டு சபை இல்லை, ஏழுதான்.

கணக்கு. பொருளாளர் விவரமாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவுக்குள் செலவு அடங்கியிருக்கிறது, ஏறக்குறைய. சுற்றுலாப் பணம் சங்கக் கணக்கு வழியாகப் போய் வந்தது உண்மை. தனிக் கணக்கு திறக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும், மூன்றாவது ஆள் பெங்களூரில் பேரனோடு இருந்தார். கடைசியில் ஆளுக்கு 6,000 ரூபாய் கூடுதலாக வாங்கியது என் தப்புக்கணக்குதான். நுழைவுக் கட்டணத்தைப் பழைய பயணக் குறிப்புகளைப் பார்த்துப் போட்டுவிட்டேன். போய்ப் பார்த்தால் எபேசுவுக்கு 40 யூரோ, பாமுக்கலேக்கு 30, ஆயா சோபியாவுக்கு 25, இந்த மூன்றுக்கே ஆளுக்கு 8,700 ரூபாய்க்கு மேல். மீந்த சிறு தொகை சங்கத்தில் இருக்கிறது, ரசீதுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பாதி துருக்கி மொழியில் இருக்கும்.

ஆண்டுச் சந்தா 600 ரூபாய். 94 பேரில் கட்டியவர்கள் 27. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. எபேசு அரங்கத்தில் நின்றபோது, மைக் இல்லாமல் இங்கிருந்து பாக்கிப் பட்டியலை வாசித்தால் கடைசிப் படி வரை கேட்குமே என்று ஒரு நினைப்பு வந்தது, அவ்வளவுதான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், மண்டபத்தை வாடகையில்லாமல் தரும் குடும்பத்தார், பஸ்ஸில் எல்லோருக்கும் மாத்திரை நேரம் நினைவூட்டிய ஹெட்நர்ஸ் அக்கா, பத்து நாளும் என் திட்டு வாங்கிய ரூம் பார்ட்னர். விடுபட்டவர்கள் மன்னிக்கவும்.

அடுத்த ஆண்டு. செயலாளர் பொறுப்பை யாராவது எடுத்துக்கொண்டால் நான் மனதார ஒதுங்கிக்கொள்வேன், இதை மூன்றாவது வருஷமாகச் சொல்கிறேன், மூன்று வருஷமும் எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள். நான்தான் தொடரவேண்டும் என்றால் கிரீஸ் போகலாம் என்று ஒரு யோசனை: பிலிப்பி, தெசலோனிக்கே, ஏதென்ஸ், கொரிந்து. பெயரோடு முன்பணத்தையும் ஜூன் 30க்குள் கொடுப்பவர்கள் மட்டும் கணக்கில் வருவார்கள்.

தரை என்றதும் ஞாபகம் வருகிறது. கொரிந்துவில் அரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் தளம் இருக்கிறது. 1929இல் கண்டெடுத்த கல்வெட்டு, ஏரஸ்து என்பவர் நகரப் பதவி கிடைத்ததற்காக இதைத் தன் சொந்தச் செலவில் போட்டார் என்று சொல்கிறது. பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் வரும் பட்டணத்து உக்கிராணக்காரன், அதாவது நகரப் பொருளாளர், ஏரஸ்து இவர்தானா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கிறது. தளம் போட்டது யார் என்பதில் வழக்கே இல்லை. நம் மண்டபத்தில் மேடைக்குக் கீழே நாலு டைல்ஸ் பெயர்ந்து கிடப்பதை வரும்போது எல்லோரும் தாண்டித்தான் வந்தீர்கள். கல்லில் பெயர் வெட்ட ஆள் தெரியும், அந்தச் செலவு என்னுடையது.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வடை இருக்கும் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

செயலாளர்